கோட்டைக்குள் லிஃப்ட் இருக்கலாமா?

ஜப்பானில் ஒசாகா கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் ஏமாந்துபோவது ஒரே இடத்தில்தான். அகழியைத் தாண்டி, ஆளைவிடப் பெரிய கற்கள் அடுக்கிய மதிலைத் தாண்டி, பச்சைக் கூரையும் தங்க வேலைப்பாடுமாக நிற்கும் கோபுரத்துக்குள் நுழைந்தால்... லிஃப்ட்! முழுக்க கான்கிரீட். "அட, டூப்ளிகேட்டா?" என்று முகம் சுளிக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹிதேயோஷி கட்டிய கோபுரம் 1615 போரில் எரிந்தது. தொகுகாவா ஆட்சியில் 1626-ல் எழுந்தது 1665-ல் இடி விழுந்து போனது. பிறகு 266 வருடம் வெறும் கல்மேடைதான். இப்போது நிற்பது 1931-ல் ஊர் மக்கள் நன்கொடையில் கட்டியது. 1945 குண்டுவீச்சையும் தாங்கிவிட்டது. ஒரிஜினல்கள் இரண்டையும்விட டூப்ளிகேட்டுக்குத்தான் ஆயுள் கெட்டி!

நகோயாவில் கதை வேறு. அங்கே 1612-ல் கட்டி முடித்த கோபுரம் 1945 மே மாத விமானத் தாக்குதலில் எரிந்தது. 1959-ல் கான்கிரீட்டில், லிஃப்டோடு, திரும்பக் கட்டினார்கள். நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2018 மே மாதம் அதை மூடினார்கள். இடித்துவிட்டுப் பழையபடி மரத்தாலேயே கட்டுவது மாநகராட்சியின் திட்டம். போருக்கு முன்பே எடுத்த அளவு வரைபடங்களும் போட்டோக்களும் தப்பியிருப்பதால் இது வெறும் கற்பனையும் இல்லை.

அதுவரை சரி. ஆனால் பழைய கோட்டையில் லிஃப்ட் இல்லை, ஆகவே புதியதிலும் வேண்டாம் என்று 2018-ல் மாநகராட்சி சொன்னதும் சண்டை ஆரம்பித்தது. நேற்றுவரை மேலே போய்வந்த சக்கர நாற்காலிக்காரர்கள் இனி கீழேயே நிற்க வேண்டுமாம். 2023-ல் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் லிஃப்ட் கேட்ட மாற்றுத்திறனாளியைச் சிலர் இழிவாகப் பேச, மாநகராட்சி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஹிமேஜி கோட்டை என்றால் சொல்வது நியாயம். அது 400 வருடத்து மரம். அதை அறுத்து லிஃப்ட் வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நகோயாவில் எழப்போவதோ புத்தம் புது மரம். தீயணைப்பு ஏற்பாடும் நிலநடுக்கப் பாதுகாப்பும் இல்லாமல் அதற்குள் பொதுமக்களை விட முடியாது. அதெல்லாம் வரலாம், லிஃப்ட் வந்தால் மட்டும் வரலாறு கெட்டுவிடுமா? ஏணி மாதிரி செங்குத்தான அந்தப் படிகள் போர்க்காலத்துக் கட்டடத்துக்கு உரியவை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் பாட்டி என்ன, எதிரி நாட்டுப் படையா?

இத்தனைக்கும் அதே வளாகத்தில், அதே குண்டுவீச்சில் எரிந்த ஹொன்மாரு அரண்மனையை மரத்தால் அப்படியே திரும்பக் கட்டி 2018-ல் முழுதாகத் திறந்தார்கள். அங்கே சக்கர நாற்காலியிலேயே சுற்றிப் பார்க்கலாம்.