பாடலில் வாழும் தேசிங்கு

பாலாற்றங்கரையில் வாழும் நமக்குத் தேசிங்குராசன் அயலான் அல்லன். எனினும் அவனைக் கதைப்பாடல் வழி அறிந்தோர் பலர். வரலாற்றின் வழி அறிந்தோர் சிலரே.

வரலாறு சுருக்கமானது. இயற்பெயர் தேஜ்சிங், புந்தேலா ராஜபுத்திரர். முகலாயரின் கோட்டைத் தலைவராகச் செஞ்சியில் இருந்த தந்தை சரூப்சிங் 1714-இல் மறைய, மகன் அப்பொறுப்பை ஏற்றார். திறைப்பணம் குறித்து ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு பூசல் மூண்டது. அதே ஆண்டு அக்டோபரில் தேஜ்சிங் களத்தில் வீழ்ந்தார். தில்லியில் அடங்காப் பரியை அடக்கியதும், நண்பன் மோவுத்துக்காரன் மணக்கோலத்தை விடுத்துப் போருக்கு விரைந்ததும் கதைப்பாடல் தருபவை.

இதனை இந்து-முஸ்லிம் போர் என உரைப்பாரும் உளர். அவ்வுரை சான்றுக்கும் பொருந்தாது, பாடலுக்கும் பொருந்தாது. நவாப் பக்கம் தோடர்மால் நின்றார். பாடலிலோ தேசிங்குக்காக உயிர் தந்தவன் முஸ்லிம்.

அச்சேறியவை எல்லாம் உண்மையாகிவிடா. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதன் நினைவாகச் சாதத்துல்லா கான் 1771-ஐ ஒட்டி இராணிப்பேட்டையை நிறுவினார் என்று ஆங்கிலேயர் காலக் கசெட்டியர் கூறுகிறது. அவரோ 1732-இலேயே மறைந்தவர்!

மாணவச் செல்வங்களே, பாடலைச் சுவையுங்கள். செய்தி என வருவதை ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோவுத்துக்காரன் மணப்பந்தலிலிருந்து புறப்பட்டானா என்பது ஆய்வுக்குரியது. அந்நட்பைத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர் என்பதோ மறுக்கவியலா வரலாறு.