மூச்சுத் திணறலும் இரும்புச் சத்துக் குறைவும்

மூச்சு வாங்குகிறது என்று முறையிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் முதியவரின் நெஞ்சை மருத்துவர் சோதிக்கிறார். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவையும் வேகத்தையும் கணக்கிடுகிறார். எக்ஸ்ரே படம் எடுக்கச் செய்கிறார். பல ஆண்டுகள் பீடி பிடித்ததனாலோ, அடுப்புப் புகையிலும் கல் தூசியிலும் உழைத்ததனாலோ அவருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் கண்டிருப்பது தெரிகிறது. உறிஞ்சு மருந்து கொடுக்கப்படுகிறது. இவையனைத்தும் முறையானவையே. ஆனால் சில மாதங்களுக்குப் பின் அவரே திரும்பி வந்து, மருந்து எடுத்துக்கொண்டும் நாலடி நடக்க முடியவில்லை என்று சொல்லும்போது, மருந்தின் அளவைக் கூட்டுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அவருடைய உடலில் போதிய இரும்புச் சத்து இருக்கிறதா என்ற கேள்வி எழுவது அபூர்வம். அக்கேள்வியை ஒவ்வொரு நுரையீரல் நோயாளரிடத்தும் எழுப்புதல் வேண்டும் என்பதற்குத் தக்க காரணங்கள் உள்ளன.

நுரையீரலின் வேலை காற்றிலுள்ள பிராணவாயுவை இரத்தத்தில் சேர்ப்பது. அதனைச் சுமந்து சென்று உடலெங்கும் வழங்குவது, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் இரும்பு கலந்த பொருள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் உடையவரின் இரத்தம் சுமார் 20 மில்லிலிட்டர் பிராணவாயுவை ஏந்திச் செல்லும். 10 கிராமே உடையவரின் இரத்தம், முழுமையாக நிறைந்திருப்பினும், 13 மில்லிலிட்டருக்குச் சற்று மிகுதியாகவே ஏந்தும். நுரையீரல் பழுதுற்று 100க்கு 88 பங்கே நிறைந்தபோதிலும், 15 கிராம் உடையவரின் இரத்தத்தில் 17 மில்லிலிட்டருக்கு மேல் பிராணவாயு இருக்கும். நுரையீரல் பழுதும் இரத்தக் குறைவும் ஒரே உடலில் சேர்ந்துவிட்டால் நேரும் துன்பத்தை இக்கணக்கே விளக்கும்.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்று பரவிய காலத்தில், விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயு அளவைக் காட்டும் சிறு கருவி வீடுகள்தோறும் அறிமுகமாயிற்று. அக்கருவி 96 என்று காட்டினால் குறையொன்றுமில்லை என்று நோயாளியும் குடும்பத்தாரும் ஆறுதல் கொள்கின்றனர். வண்டிகள் எவ்வளவு நிறைந்துள்ளன என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஓடும் வண்டிகள் எத்தனை என்பதை அது சொல்வதில்லை. ரத்த சோகை முற்றிய ஒருவரிடத்திலும் அது 98 என்று காட்டக்கூடும்.

இரும்பின் பணி இரத்தத்தோடு முடிந்துவிடுவதுமன்று. தசைகளில் பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் மயோகுளோபினிலும், உணவை எரித்துச் சக்தியாக்கும் நொதிகளிலும் இரும்பு உண்டு. ஆகவே, ரத்த சோகை வெளிப்படும் முன்பே இரும்புக் குறைவு தசைகளைத் தளர்த்திவிடக்கூடும். மாடிப்படி ஏறும் நுரையீரல் நோயாளி நெஞ்சினால் தோற்கிறாரா, கால்களால் தோற்கிறாரா என்பது அவருக்கே தெரியாது.

இந்நோயாளர்களிடம் இரும்பு குறைவதற்குப் பல காரணங்கள் உள. மூச்சு வாங்குவதால் வயிறார உண்ண இயலாமை ஒன்று. இதய நோயும் உடனிருந்து ஆஸ்பிரின் உட்கொள்வோருக்கு இரைப்பையிலோ குடலிலோ இரத்தம் சிறுகச் சிறுகக் கசிவது மற்றொன்று. இவற்றினும் நுட்பமான காரணம் நோயினுள்ளேயே இருக்கிறது. நாட்பட்ட அழற்சி ஏற்படும்போது ஈரல், ஹெப்சிடின் என்னும் ஒரு பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட இப்பொருள், குடல் இரும்பை இரத்தத்தில் சேர்ப்பதைத் தடுக்கிறது. சேமிப்பிலுள்ள இரும்பு வெளியேறும் வழியையும் அடைத்துவிடுகிறது. களஞ்சியத்தில் தானியம் இருந்தும் கதவு பூட்டியிருப்பதால் வீட்டார் பட்டினி கிடக்கும் நிலை இதுவாகும்.

முற்காலத்து மருத்துவ நூல்கள் இதற்கு நேர்மாறான ஒன்றையே வலியுறுத்தின. பிராணவாயு குறைந்தால் சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜையைத் தூண்டும், சிவப்பணுக்கள் பெருகும், எனவே நுரையீரல் நோயாளரின் இரத்தம் கெட்டிப்படும் என்பது அவற்றின் போதனை. அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. அத்தூண்டுதலுக்கு இணங்க மஜ்ஜை வேலை செய்வதற்கு இரும்பு வேண்டும். ஹீமோகுளோபின் 16 கிராம் இருக்கவேண்டிய நோயாளியிடம் 13 கிராம் காணப்பட்டால், அட்டவணைப்படி அது சரியான அளவு என்று ஏட்டில் எழுதப்படுகிறது. அவர் உடலுக்கோ அது பற்றாக்குறை. இங்கிலாந்தில் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நோயற்றவர்களுள் 100க்கு 5 பேரிடம் காணப்பட்ட இரும்புக் குறைவு, நுரையீரல் அடைப்பு நோயாளருள் 100க்கு 18 பேரிடம் காணப்பட்டது. உணவு வளம் மிக்க ஒரு நாட்டின் நிலை இதுவாகும்.

இவ்விஷயத்தில் இந்தியாவுக்குத் தனியாக ஒரு கவலையும் உண்டு. டில்லியில் இதய நோய் நிபுணர் டாக்டர் எஸ். பத்மாவதியும் உடன் ஆராய்ந்தோரும் 1959இலும் பின்னர் 1976இலும் வெளியிட்ட ஆய்வுகள், நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்புறம் வீங்கித் தளரும் நிலை புகை பிடிக்காத பெண்களிடமும் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டின. வறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் புகையை அவர்கள் காரணமாகச் சுட்டினர். நுரையீரல் தமனிகள் சுருங்கி, அவற்றினூடே இரத்தத்தைச் செலுத்தும் இதயம் அளவுக்கு மீறி உழைப்பதே இந்நிலைக்கு வித்தாகும்.

அத்தமனிகள் சுருங்குவதில் இரும்புக்கும் பங்குண்டு என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. பிராணவாயு குறைவதைச் செல்கள் உணரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வுணர்வுக்கு ஆதாரமான நொதிகள் இயங்குவதற்குப் பிராணவாயுவுடன் இரும்பும் தேவை. இரும்பு குறைந்தால், பிராணவாயு உள்ளதைவிடக் குறைந்துவிட்டதாகவே செல்கள் நடந்துகொள்கின்றன. பெரு நாட்டில் 4,340 மீட்டர் உயரத்தில் செரோ தெ பாஸ்கோ என்னும் நகரம் இருக்கிறது. கடல் மட்டத்தில் வாழும் ஆரோக்கியமானவர்கள் சிலரை அங்கு அழைத்துச் சென்று ஆராய்ந்தபோது, சிரை வழியாக இரும்பு பெற்றோரின் நுரையீரல் தமனி அழுத்தம் தணிந்ததாக 2009இல் தெரிவிக்கப்பட்டது. மலையுச்சியில் ஆரோக்கியமானவர்களிடம் கண்டது சமவெளியின் நோயாளருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட இயலாது. எனினும் அடுப்புப் புகையும் ரத்த சோகையும் ஒரே பெண்ணின் உடலில் சந்திக்கும் ஒரு நாட்டில் அதனைப் புறக்கணிப்பதும் அறிவுடைமையாகாது.

1990இல் இந்தியாவில் 2 கோடியே 81 லட்சம் பேருக்கு இருந்த நுரையீரல் அடைப்பு நோய், 2016இல் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இருந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 100க்கு 57 பேரும் ஆண்களுள் 100க்கு 25 பேரும் ரத்த சோகை உடையவர்கள். அவ்வாய்வு முதியோரிடம் ரத்த சோகையைச் சோதிக்கவில்லை. 2018இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டமும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், மகப்பேற்று வயதிலுள்ள பெண்கள், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோரையே தன் பயனாளிகளாகக் கொண்டுள்ளது. அவர்களுக்கு முதலிடம் தந்தது நியாயமே. ஆயினும் 60 வயதைக் கடந்த கல் உடைக்கும் தொழிலாளியும், அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த மூதாட்டியும் அத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் அவர்களுடைய நுரையீரலுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவர்களுடைய இரத்தத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இக்கருத்துக்கு மறுப்பும் உண்டு. இரும்பு கொடுத்தால் நுரையீரல் நோயாளர் நலமடைவர் என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று நிபுணர் சிலர் கூறுவர். அது சரியே. 2020இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சிரை வழி இரும்பினால் நோயாளரின் பிராணவாயு அளவு உயரவில்லை. ஆறு நிமிடங்களில் அவர்கள் நடக்கும் தூரம் மட்டும் சிறிதளவு கூடியது. பெரிய அளவிலான ஆராய்ச்சிகள் இன்னும் தேவை. அவற்றுள் சில இந்தியாவிலேயே நடைபெறுதல் பொருத்தமாகும். ஆனால், இரும்பு நுரையீரலைக் குணப்படுத்தும் என்பது இங்குள்ள வாதமன்று. இரும்புக் குறைவு தன்னளவிலேயே ஒரு நோய்; கண்டுபிடித்துத் தீர்க்கத்தக்க நோய். வேறொரு நோய் உடனிருக்கிறது என்ற காரணத்தால் அதைத் தேடாது விடுவதற்கு நியாயமில்லை.

மூச்சு வாங்குவோர் எல்லோருக்கும் இரும்பு மாத்திரையை வாரி வழங்கிவிடலாம் என்பதும் இதன் பொருளன்று. உடலில் சேர்ந்த இரும்பை வெளியேற்ற இயற்கையில் தனி வழி இல்லை. தாலசீமியாவின் கூறு உடையவர்களின் சிவப்பணுக்களும் சிறுத்தே காணப்படும். அவர்களுக்கு இரும்பு தேவைப்படாமலிருக்கலாம். நடுவயது கடந்த ஆணிடம் இரும்பு குறைந்திருப்பின், குடலில் புண்ணோ புற்றுநோயோ மறைந்திருக்கக்கூடும். மாத்திரை அதனை மூடி மறைத்துவிடும். அளவிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். சேமிப்பு இரும்பைக் காட்டும் பெரிட்டின், அழற்சியினால் தானாகவே உயரக்கூடியது. ஆகவேதான் நோயற்ற பெரியவர்களுக்கு ஒரு லிட்டரில் 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்று வகுத்த எல்லையை, அழற்சி உடையவர்களுக்கு 70 என உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020இல் உயர்த்தி வைத்தது. இவ்வேறுபாட்டை அறியாத பரிசோதனைக்கூடம் நோயாளியை நலமுள்ளவர் என்று திருப்பி அனுப்பிவிடும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நுரையீரல் அடைப்பு நோய் என்று தீர்மானிக்கப்பட்டவுடன் ஒரு முறையும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் இரத்த அணுக்களின் முழுக் கணக்கை எடுத்தல் வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்கும், மூச்சுச் சோதனை காட்டும் பழுதுக்கு மிஞ்சி இளைப்பு உடையவர்களுக்கும், மாவட்ட ஆஸ்பத்திரியில் பெரிட்டினும், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரினின் நிறைவு விகிதமும் அளக்கப்படுதல் வேண்டும். குறைவு உறுதியானால் அதன் காரணத்தைத் தேடிய பின்னரே சிகிச்சை தொடங்கலாம். மாத்திரை பயன்படாத இடத்தில், குடலின் பூட்டைக் கடந்து சிரை வழியாக இரும்பு செலுத்துவதைப் பற்றி மருத்துவர் ஆலோசிக்கலாம். கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துண்ணவும், உணவோடு தேநீர் அருந்துவதைத் தவிர்க்கவும் நோயாளியின் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லலாம்.

புகையை ஒழிப்பதே நோயின் வேரைக் களைவதாகும் என்பதில் ஐயமில்லை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் அத்திசையில் ஒரு நல்ல முயற்சி; எனினும் 2019-21இல் 100க்கு 58.6 குடும்பங்களே தூய எரிபொருளைப் பயன்படுத்தின. புகை ஒழியும் நாள்வரை, அதனால் ஏற்கெனவே நுரையீரல் கெட்டவர்கள் காத்திருக்க இயலாது. இழந்த நுரையீரலை எவராலும் திருப்பித் தர முடியாது. இழந்த இரும்பைத் திருப்பித் தர முடியும். ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தாலன்றி அது இழக்கப்பட்டிருப்பது தெரியவராது.