ஊர் தேடி வந்த சோதனை

நோயின் அறிகுறி ஏதுமில்லாத ஒரு பெண், பரிசோதனைக்கென்று கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்குவாளா? வீட்டார்தாம் அனுப்புவார்களா?

சோதனையே ஊர் தேடிச் சென்றால் என்னவாகும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு காட்டியது. 114 ஊர்த் தொகுதிகளுள் 57இல், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒரேயொரு முறை சோதித்தனர். நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (நம் அடுக்களை வினிகரின் இனந்தான்) கருப்பை வாயில் தடவினால், ஐயத்திற்குரிய இடம் வெளுத்துக் காட்டும். அவ்வளவே!

2007இல் முடிவு வெளியாயிற்று. மற்ற 57 தொகுதிகளைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் இங்கே 35 விழுக்காடு குறைவு. ஆயினும் தகுதியுடைய 49,311 பேரில் சோதனைக்கு வந்தோர் 31,343 பேரே. ஏனையோரைத் தடுத்தது வெட்கமோ, வீட்டு வேலையோ?

ஒப்பீட்டிற்காகச் சோதிக்கப்படாது விடப்பட்ட பெண்களை எண்ணும்போது, என் மனம் இன்றும் கனக்கிறது.