சின்னத் தொட்டிக்கு நீமோவும் டோரியும் போதுமா?

கடல்மீன் வளர்ப்பதெல்லாம் கடலோரத்துக்காரர்களுக்குத்தான். அப்படியே வளர்த்தாலும் சின்னத் தொட்டிக்கு நீமோ எனும் கோமாளி மீனும் டோரி எனும் நீல மீனும் போதும். அரிய மீன் கேட்பது பவளப்பாறைக்குச் செய்யும் கேடு. வண்ணமீன் ஆர்வலர்களிடையே இப்படி ஒரு கருத்து ஊறிக் கிடக்கிறது. ஆரணி மாதிரி உள்நாட்டு ஊர்க்காரர்கள் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளோடு நின்றுவிட்டு, நன்னீர் மீன்களோடு திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் கருத்தின் ஒவ்வொரு பகுதியும் தவறு.

முதலில் கடல் தூரம். தொட்டிக்குக் கடல்நீர் வேண்டும், கடல் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் மீன்தொட்டி உப்பைக் கரைத்தால் கடலின் உப்புச்செறிவு வந்துவிடும். (சமையல் உப்பு உதவாது, அதில் கால்சியமும் மக்னீசியமும் உரிய அளவில் இல்லை.) தண்ணீரின் கடினத்தன்மை மாறினால் சாயம் மாறும் என்று அறிந்த பட்டு நெசவு ஊருக்கு, நீரை அளந்து பார்க்கும் பழக்கத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உண்மையான தடை வெயில். சித்திரையில் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும் ஊரில் தொட்டி நீரை 26 டிகிரி அளவில் வைத்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் பவளங்களே 2010, 2016 கோடைகளில் சூடு தாங்காமல் வெளிறின. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி ஓடினால் சில டிகிரி இறங்கும். ஆவியாகிற நீரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் ஈடு செய்ய வேண்டும். பவளமும் வைப்பதென்றால் குளிரூட்டும் கருவி இல்லாமல் ஆகாது. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அவசியம். இவற்றுக்குச் செலவு உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல.

டோரி விஷயத்துக்கு வருவோம். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் அந்த நீல மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும்; நாளெல்லாம் நீந்தித் திரியும் இனம். அதை 80 லிட்டர் தொட்டியில் போடுவது கொடுமை. குட்டியாக இருக்கும்போது வாங்கி வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை ஏற்கவே முடியாது. நீமோவைப் பற்றிக் குறை இல்லை. அதற்குக் கடற்சாமந்தி கட்டாயம் என்பதுதான் தவறு. சாமந்தி இல்லாமலே கோமாளி மீன் நன்றாக வாழும். சின்னத் தொட்டியில் சாமந்திதான் பிழைப்பது கடினம்.

அழகான சிறு மீன் பவளத்துக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் நிற்காது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்களின் உணவே பவள உயிரிகள்தான். மாண்டரின் மீன் பவளத்தைத் தொடாது; ஆனால் கண்ணுக்கு எளிதில் தெரியாத கோப்பிபாடு உயிரிகளை ஓயாமல் தேடித் தின்னும். சின்னத் தொட்டியில் அவை தீர்ந்துபோக, மீன் மெல்லப் பட்டினியில் சாகும்.

இனி முக்கியமான வாதம்: அரிய மீன் என்றாலே கடலிலிருந்து பிடித்ததாகத்தான் இருக்கும் என்பது. விழிஞ்ஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் 2024இல் நீலமும் மஞ்சளுமான அஸ்யூர் டாம்சலையும், புள்ளியிட்ட ஆர்னேட் கோபி என்ற உளுவையையும் குஞ்சு பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியது. இரண்டும் சின்னத் தொட்டிக்கு அடங்கும் உருவம்.

இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளுக்கு மட்டுமே உரிய பாங்காய் கார்டினல் இன்னும் தெளிவான சான்று. வண்ணமீன் வணிகத்துக்காக அள்ளப்பட்டு, 2007இல் அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஆனால் ஆண்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காத்து, வளர்ந்த குஞ்சுகளாக வெளியே விடுவதால், தொட்டியில் வளர்க்க அதைவிட எளிதான கடல்மீன்கள் குறைவு. தொட்டியில் பிறந்த கார்டினலைக் கேட்டு வாங்குகிறவர் அந்தத் தீவுகளின் மீனைத் தொடுவதே இல்லை.

பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும் இணை ஒன்று உண்டு: மஞ்சள் காவல் உளுவையும் ஆல்ஃபியஸ் இறாலும். இறாலுக்குப் பார்வை மங்கல். அது வளை தோண்டும். உளுவை வாசலில் நின்று காவல் காக்கும். இறாலின் உணர்கொம்பு மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் வளைக்குள். உளுவை சுமார் 10 சென்டிமீட்டர்தான் வளரும், பவளத்தைச் சீண்டாது. தொட்டியில் மெல்லிய மணல் மட்டும் வேண்டும்.

கேடு இருக்கும் இடம் வேறு. நம் கடலின் கல்பவளங்களும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. இராமேசுவரம் பக்கத்திலிருந்து வந்தது என்று யாராவது உயிர்க்கல்லை (உயிரிகள் ஒட்டிய பவளப்பாறைத் துண்டை) நீட்டினால் வாங்கக் கூடாது. பீங்கானில் செய்த செயற்கைப் பாறையிலும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குடியேறும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாக வந்த பிறகே முதல் மீனை விட வேண்டும். வாங்கும் முன் அது பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு, கடைக்காரரைத் தீவனம் போடச் சொல்லி, மீன் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம்.