நம் ஊரில் என்ன இருக்கிறது?

சென்ற மாதம் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன் தமிழ்ப் பாடத்துக்காக 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதினான். வாங்கிப் படித்தேன். முதல் பத்தியில் கொழிஞ்சாம்பாறை என்ற பெயர் வந்தது. இரண்டாம் பத்தியிலேயே பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய்விட்டான். அங்குள்ள பெரிய வணிக வளாகம், நகரும் படிக்கட்டு, அங்கே தின்ற பீட்சா என்று இரண்டு பக்கம். கடைசி வரி இப்படி இருந்தது: "எங்கள் ஊரில் வெயிலும் காற்றும் தவிர வேறு ஒன்றும் இல்லை."

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. காரணம், அந்த வரி அவனுடையதல்ல. என்னுடையது. ஊரிலிருந்து யார் போன் செய்து "அங்கே எப்படி?" என்று கேட்டாலும் நான் சொல்லும் பதில் அது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள், கடை வைக்க வந்தவர்கள், மறையூர்ப் பக்கம் கரும்புக்கும் தோட்ட வேலைக்கும் வந்தவர்கள் என்று நம்மில் பெரும்பாலோர் சொல்வதும் இதுதான். பிழைப்புக்கு ஓர் இடம், மற்ற எல்லாவற்றுக்கும் வேறோர் இடம் என்று பழகிவிட்டோம். உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பது சரியாகத்தான் இருக்கிறது.

கேரளம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பச்சையும் படகும். நாம் இருப்பது அந்தக் கேரளம் அல்ல. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகியவை சித்தூர்த் தாலுகாவின் மழை மறைவுப் பகுதி. அட்டப்பாடியின் கிழக்குப் பக்கமும், இடுக்கி மாவட்டத்தில் மறையூரும் சின்னாறும் அப்படியே. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. சின்னாறில் 500 மில்லிமீட்டர் பெய்தால் பெரிது. மூணாறுக்கும் தேக்கடிக்கும் வழிகாட்டிப் புத்தகம் உண்டு. நம் வறண்ட பக்கத்துக்கு யாரும் எழுதுவதில்லை. ஆகவே நானே கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

வாங்குவதற்கு

காய்கறிக்கு வேலந்தாவளம் இருக்கிறது. எல்லையில் உள்ள ஊர். இரு மாநில விவசாயிகளும் தக்காளி, கத்தரி, பீர்க்கு, புடலை என்று கொண்டுவந்து கொட்டும் சந்தை. அங்கே பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். கணக்கு மட்டும் ஒன்றே. அன்று காலை பறித்த காயை அங்கே விட்டுவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் போய்க் குளிரூட்டிய கடையில் பிளாஸ்டிக் உறை போட்ட காயை வாங்கி வருகிறோம். மளிகைக்குப் பாலக்காட்டு வலியங்காடி. அப்பளம், வடாம், கொண்டாட்டம் வேண்டுமானால் கல்பாத்தி. நவம்பரில் தேருக்குப் போகும்போது வாங்கிவிட்டால் வருடத்துக்குக் கவலையில்லை.

மாம்பழத்துக்கு முதலமடை. மற்ற இடங்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் லாரி ஏறிவிடும். நம் வீட்டுக்கு எதிரே விளைந்தது டில்லிக்காரர் தட்டுக்கு முதலில் போய்ச் சேர்கிறது. நிலக்கடலையும் சித்தூர்த் தாலுகாவின் பயிர்தான். கேரளத்தில் வேறெங்கும் இந்த அளவுக்கு அதைப் பார்க்க முடியாது.

இடுக்கிப் பக்கத்து நண்பர்களுக்கு மறையூர் வெல்லத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கும், அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ல் கிடைத்தது. ஒரே ஒரு எச்சரிக்கை. மறையூர் பெயரைப் போட்டு வேறு ஊர் வெல்லம் விற்பது உண்டு. கரும்புக் காட்டின் ஓரத்தில் பாகு காய்ச்சும் கொட்டகைக்கே போய், கையால் உருட்டிய உருண்டையை வாங்குங்கள். பளபளப்பான மஞ்சள் நிறம் தேடாதீர்கள். நல்ல வெல்லம் கறுத்துத்தான் இருக்கும். சந்தனக் கட்டை என்று சாலையோரத்தில் யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். மறையூர்ச் சந்தனம் வனத்துறையின் ஏலத்தில் மட்டுமே விற்கப்படுவது. மற்றதெல்லாம் திருட்டு.

சாப்பிடுவதற்கு

எலப்புள்ளிப் பஞ்சாயத்தில் ராமசேரி என்று ஒரு சிறிய கிராமம். அங்கே இட்லி தட்டையாக, தோசைக்குத் தம்பி போல இருக்கும். மண்பானையின் வாயில் நூல் வலை கட்டி, மேலே துணி விரித்து, மாவை ஊற்றி, விறகடுப்பில் ஆவியில் வேகவைக்கிறார்கள். செய்கிறவர்கள் முதலியார் குடும்பத்தார். முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் என்று சொல்வது வழக்கம். நம்மைப் போலவே பிழைப்புக்கு வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் தங்கள் ஊரை எங்கோ விட்டுவந்ததாக நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. வந்த ஊரின் பெயரைத் தங்கள் இட்லிக்கு வைத்துவிட்டார்கள். இன்று அதைச் செய்யும் குடும்பங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். சென்னையிலிருந்து வரும் விருந்தாளி கேட்டுத் தெரிந்துகொண்டு போய்ச் சாப்பிடுகிறார். பத்து வருடமாகப் பக்கத்தில் குடியிருக்கும் நம்மவர் "அப்படியா?" என்கிறார்.

கோடையில் நுங்கு. பனைமரங்களின் நடுவே குடியிருந்துகொண்டு, குழந்தைக்கு நுங்கை எப்படிச் சீவித் தின்பது என்று சொல்லிக் கொடுக்காவிட்டால் குற்றம் யாருடையது? பனை வருடத்துக்கு வருடம் குறைந்துவருகிறது. நுங்கும் பதநீரும் விற்கும் பெரியவரிடம் யாரும் நிற்காவிட்டால், மரத்துக்கு விறகு விலைதான் மிஞ்சும்.

வெளியே போவதற்கு

ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அதனால் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியிலும் தையிலும் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கும். அந்தக் காற்றுக்கு நடுவே பனங்காட்டில் நடப்பதே ஒரு சுகம். முதலமடை ரயில் நிலையத்தில் ஆலமரங்களின் நிழலில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். எதிரே நெல்லியாம்பதி மலை. பாலக்காடு-பொள்ளாச்சிப் பாதை அகலப்படுத்தப்பட்டு 2015-ல் மீண்டும் திறந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ரயில் பயணமே போதும்.

ஒரு நாள் முழுக்க முடியுமானால் பரம்பிக்குளம். காடு கேரளத்தது, சாலையோ சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து. எல்லைக்கோடு எவ்வளவு வேடிக்கையானது என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. அங்குள்ள கன்னிமரா தேக்கைக் கட்டிப் பிடிக்க ஒரு குடும்பம் முழுவதும் கைகோத்து நிற்க வேண்டும்.

பாலக்காட்டிலிருந்து மறையூருக்கும் அப்படித்தான். பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். வழியில் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். 1984-ல் அறிவிக்கப்பட்டது. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற அணிலும் உள்ள முள்காடு. வண்டியிலிருந்து இறங்கி யானையைப் படம் எடுக்காதீர்கள். நடக்க ஆசையானால் வனத்துறையிடம் பணம் கட்டி, அந்தக் காட்டிலேயே பிறந்த முதுவர், மலைப்புலையர் இளைஞர்களை வழிகாட்டியாக அழைத்துச் செல்லுங்கள். தூவானம் அருவிக்கு அப்படிப் போகலாம். அந்த அருவி இருக்கும் பாம்பாறு கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று நதிகளில் ஒன்று. அந்தத் தண்ணீர்தான் அமராவதிக்குப் போகிறது. கோவில்கடவில் தென்காசிநாதர் கோயிலும், பக்கத்தில் முனியறைகள் என்னும் பழங்காலக் கல்லறைகளும் உண்டு. அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்காமல் வந்தால் அதுவே பெரிய உபகாரம்.

அஞ்சுநாட்டுக் கிராமங்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். பல தலைமுறைகளுக்கு முன் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. அவர்கள் வீட்டில் இன்றும் தமிழ். நம் வீட்டில் இன்னும் இரண்டு தலைமுறைக்கு இருக்குமா என்று யோசித்துக்கொண்டே திரும்பி வருவீர்கள்.

எதற்காக இதெல்லாம்?

"கோவைக்குப் போகாதே என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கல்யாணத் துணிக்கும் நானும் அங்கேதான் போகிறேன். உறவுகள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எல்லை தாண்டினால்தான் விடுமுறை என்று ஆகிவிட்டதே, அதைத்தான் சொல்கிறேன்.

இது பொழுதுபோக்கு விஷயம் மட்டுமல்ல. "அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லப்படும் இடத்தில் யாரும் எதையும் செய்துவிட முடியும். பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையை மறந்திருக்க மாட்டீர்கள். 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் குறைந்தது, கெட்டது என்று 2002-ல் பழங்குடி மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற இரவாளர் இனப் பெண்மணி முன்னால் நின்றார். 2004-ல் ஆலை நின்றது. வறண்ட பூமிதானே, வெளியார் கண்ணுக்கு இங்கே என்ன இருக்கிறது? அந்தப் பெண்களுக்கோ ஒவ்வொரு கிணறும் தெரியும், அதன் ருசியும் தெரியும். அதனால்தான் கெட்டபோது கண்டுபிடித்தார்கள், கேட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு எந்தக் கிணறு தெரியும்? நாளை பனங்காடு மனைக்கட்டாக மாறினாலோ, சந்தை மூடினாலோ, கடைப் பலகையில் தமிழ் போனாலோ, அவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. இருந்தது தெரிந்தால்தானே போனது தெரியும்? நாம் வாங்காத சந்தைக்காகவும், நடக்காத பாதைக்காகவும் பேச நமக்கு வாயும் இருக்காது. நாங்களும் இந்த ஊர்க்காரர்கள் என்று உரிமை கேட்கிறோம். அந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இருந்து பார்க்க வேண்டாமா?

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் மலரில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பாலக்காட்டு வாசகர்களும் இடுக்கி வாசகர்களும் ஆளுக்கு ஒரு கடை, ஒரு சாப்பாடு, ஒரு நடைபாதை எழுதி அனுப்பட்டும். பஸ் எங்கே நிற்கும், எந்த மாதம் நல்லது, குடிதண்ணீர் கிடைக்குமா என்பதும் இருக்கட்டும். புதிதாக வரும் குடும்பத்துக்குச் சங்கம் கொடுக்கும் முதல் காகிதம் சந்தா ரசீதாக இருக்க வேண்டாம். அந்த இரண்டு பக்கமாக இருக்கட்டும்.

போன ஞாயிறு மகனை ராமசேரிக்கு அழைத்துப் போனேன். நான்கு இட்லி தின்றான். "பீட்சா மாதிரி இருக்கே" என்றான். போகட்டும், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வரும் ஞாயிறு வேலந்தாவளம் போகிறோம். கட்டுரையின் கடைசி வரியை அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. அவனாகவே எழுதட்டும் என்று காத்திருக்கிறேன்.