180 கிரெடிட்டின் கணக்கு

பிரான்சில் இளங்கலைப் பட்டத்துக்கு 'லிசான்ஸ்' என்று பெயர். மூன்று ஆண்டுப் படிப்பு என்றுதான் வீடுகளில் சொல்வது வழக்கம். பல்கலைக்கழகம் எண்ணுவதோ கிரெடிட்டை: செமஸ்டருக்கு 30, ஆண்டுக்கு 60, ஆறு செமஸ்டருக்கு 180. 1999இல் இத்தாலியின் போலோன்யா நகரில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, 2002 முதல் பிரான்ஸ் இந்த முறைக்கு மாறத் தொடங்கியது. இலங்கையில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட் போதும் என்று அறிந்த பெற்றோருக்கு 180 என்ற எண் மலைப்பைத் தரும். ஆனால் இலங்கையில் ஒரு கிரெடிட் 50 மணி நேர உழைப்பு. ஐரோப்பாவில் 25 முதல் 30 மணி நேரம். 90ஐ 50ஆல் பெருக்கினாலும், 180ஐ 25ஆல் பெருக்கினாலும் வருவது ஒரே 4500தான். இரண்டு இடத்திலும் பட்டத்தின் விலை ஏறத்தாழ அவ்வளவு மணி நேரம்.

அந்த விலையை மூன்றே ஆண்டில் கட்டி முடிப்பவர்கள் குறைவு. உயர்கல்வி அமைச்சின் கணக்குகளின்படி, மேல்நிலைப் பள்ளியான லிசே முடித்து நேரே லிசான்ஸில் சேர்வோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் உரிய காலத்தில் பட்டம் பெறுகிறார். நான்காம் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பாதியை ஒட்டித்தான் நிற்கிறது. பொதுப் பிரிவில் பக் எனும் லிசே இறுதிப் பரீட்சையை எடுத்தவர்கள் இதில் முன்னே நிற்கிறார்கள். தொழிற்பிரிவில் எடுத்தவர்கள் வெகுவாகப் பின்தங்குகிறார்கள். வழுக்கும் இடம் பெரும்பாலும் முதலாம் ஆண்டு.

பாரிஸின் புறநகரான பொண்டியில் வாழும் பிள்ளைக்கு எட்டும் தொலைவில் பல வளாகங்கள் உள்ளன. 2020இல் சோர்போன் பாரிஸ் நோர் என்று பெயர் மாறிய முன்னாள் பாரிஸ் 13 பல்கலைக்கழகம் பொபினி, வில்தனோஸ், சென்டெனி ஆகிய இடங்களில் இயங்குகிறது. வென்சென் காட்டில் தொடங்கி 1980இல் சென்டெனிக்கு இடம்பெயர்ந்த பாரிஸ் 8 இன்னொன்று. பொபினி பக்கத்து ஊர். வில்தனோஸுக்குப் போவதென்றால் நுவாசி-லெ-செக் வரை ரயில், அங்கிருந்து சென்டெனிக்குத் தே-1 டிராம், பிறகு தே-8 என்று மாறி மாறிப் போக வேண்டியிருக்கும். ஒரே பாடம் இரண்டு இடத்தில் கிடைக்கும்போது இந்தப் பயண நேரத்தையும் கணக்கில் சேர்ப்பது தகும். காலை எட்டரை மணி வகுப்பு வாரத்துக்கு மூன்று முறை வந்தால், தூரம் எவ்வளவென்று நவம்பர் மாதக் குளிரில் தெரியவரும்.

திட்டமிடலின் முதல் வேலை, கால அட்டவணையைச் சரியாக வாசிப்பது. லிசான்ஸின் மூன்று ஆண்டுகளிலும் சேர்த்துக் குறைந்தது 1500 மணி நேர வகுப்பு இருக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதி. அதாவது ஆண்டுக்குச் சுமார் 500 மணி. வகுப்பு நடக்கும் வாரங்களில் பங்கிட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 20. ஆனால் ஆண்டின் 60 கிரெடிட் கேட்பது 1500 முதல் 1800 மணி நேரம். ஆகவே வகுப்பில் இருக்கும் ஒரு மணிக்கு வெளியே இரண்டு மணி படிப்பு இருக்கிறது. லிசேயில் காலை முதல் மாலை வரை நிரம்பிய அட்டவணைக்குப் பழகிய பிள்ளைக்குப் பல்கலைக்கழக அட்டவணையில் வெள்ளைக் கட்டங்கள் நிறையத் தெரியும். வீட்டாருக்கும் அவை ஓய்வு நேரமாகத் தெரியும். அந்தக் கட்டங்கள் நூலகத்துக்கு உரியவை. அவற்றில் வேறு வேலையைப் போட்டு நிரப்பும்போதுதான் முதல் செமஸ்டர் கைநழுவத் தொடங்குகிறது.

இரண்டாம் வேலை, பதிவை முழுமையாக முடிப்பது. பதிவு இருவகை. கட்டணம் கட்டி மாணவர் அட்டை பெறுவது நிர்வாகப் பதிவு. அதற்கு முன் 'சே.வெ.எ.சே.' எனப்படும் மாணவர் வாழ்க்கைக் கட்டணச் சான்றிதழை எடுத்திருக்க வேண்டும். பூர்ஸ் எனும் அரச உதவித்தொகை பெறுபவருக்குக் கட்டணம் இல்லையென்றாலும் சான்றிதழ் தேவை. அட்டை கையில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். எந்தப் பாடத்தொகுதி, எந்த விருப்பப் பாடம், எந்தச் சிறுகுழு என்று குறிக்கும் பாடப் பதிவு தனியாக, பெரும்பாலும் செப்டெம்பரில் நடக்கிறது. அதில் பெயர் இல்லாத பாடத்துக்குப் பரீட்சைப் பட்டியலிலும் பெயர் இராது. மதிப்பெண்ணும் கிரெடிட்டும் வராது.

மூன்றாவது, விதிப்புத்தகம். எந்தப் பாடத்துக்கு எத்தனை பரீட்சை, எழுத்தா வாய்மொழியா, எதற்கு எவ்வளவு எடை என்பதைக் கல்வியாண்டின் முதல் மாத முடிவுக்குள் பல்கலைக்கழகம் அறிவித்துவிட வேண்டும். அதன்பின் அந்த ஆண்டு முடியும்வரை மாற்றக் கூடாது என்பது சட்டம். மாணவருக்குக் கிடைக்கும் உறுதிகளில் இது பெரியது. ஒக்டோபரில் இந்தத் தாள்களைப் படித்து, ஆறு கிரெடிட் பாடம் எது, இரண்டு கிரெடிட் பாடம் எது என்று குறித்து வைத்தவர், உழைப்பை எங்கே கொட்டுவதென்று அறிந்தவர்.

பிரெஞ்சு முறைக்கு ஓர் இயல்பு உண்டு. குறைந்த மதிப்பெண்ணை அது பலவாறு பொறுத்துக்கொள்ளும். வராமல் இருப்பதைப் பொறுக்காது. விரிவுரை மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்குப் பெரும்பாலும் வருகைப் பதிவு இல்லை. டி.டி. எனப்படும் சிறுகுழு வகுப்பில் உண்டு. அங்கே குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் காரணமின்றி வராதிருந்தாலோ, ஒரு பரீட்சைக்குப் போகாமல் விட்டாலோ, மதிப்பெண் பட்டியலில் 'தெஃபையான்' என்ற சொல் விழும். அந்தச் சொல் விழுந்தால் சராசரியே கணக்கிடப்படாது. மற்றப் பாடங்களில் எடுத்த 14உம் 15உம் அந்தச் செமஸ்டரைக் காப்பாற்றா. புலம்பெயர்ந்த வீடுகளில் மூத்த பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். மாவட்ட அரச அலுவலகமான பொபினி பிரிபெக்சரில் பெற்றோரின் வதிவிட அட்டை புதுப்பிப்பு, வைத்தியசாலைச் சந்திப்பு, தம்பியின் பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவரே போகிறார். இத்தகைய காரணங்கள் எல்லா இடத்திலும் ஏற்கப்படும் என்று எண்ணக் கூடாது. சந்திப்பு நாளைத் தெரிவுசெய்யும் வாய்ப்பிருந்தால், டி.டி. இல்லாத நாளைத் தெரிவுசெய்வதே பாதுகாப்பு. தனக்கு நோய் என்றால் மருத்துவச் சான்றிதழைச் சில நாட்களுக்குள் அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.

பரீட்சைக்குப் போய்க் குறைவாக எழுதியவருக்கு வழிகள் உண்டு. 20க்கு 10 தேர்ச்சி எல்லை. ஒரு பாடத்தில் 8 வந்தாலும் அதே எடையுள்ள இன்னொன்றில் 12 வந்தால், சராசரி 10ஐத் தொட்டு இரண்டும் தேறும் என்பது ஈடுசெய்யும் முறை. எந்தெந்தப் பாடங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யலாம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விதிப்புத்தகத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஈடாகாத பாடத்துக்கு இரண்டாம் வாய்ப்பு, பழகிய பெயரில் 'ரத்ராபாஜ்', பெரும்பாலும் ஜூனை ஒட்டி வருகிறது. ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டை அந்த வாரங்களுக்கு முன்பதிவு செய்வது, கையிலிருக்கும் வாய்ப்பைக் கொடுத்துவிடுவது போன்றது. தேறிய பாடத்தின் கிரெடிட் அழியாது. ஆண்டு தவறினாலும், ஊர் மாறினாலும் அது மாணவரின் சொத்து.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'அரியர்' என்று சொல்லும் நிலை இங்கும் உண்டு. ஒரு செமஸ்டரோ சில பாடங்களோ குறைந்தவரை, அடுத்த ஆண்டைப் படித்துக்கொண்டே பழையதையும் முடிக்கும்படி பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. இரண்டாம் ஆண்டின் 60உம் பழைய 12உம் சேர்ந்தால் அந்த ஆண்டின் சுமை 72. இரு ஆண்டுகளின் வகுப்புகள் ஒரே நேரத்தில் மோதுவதும் உண்டு. எனவே இந்த அனுமதி கிடைக்கும்போது, மூன்றாண்டில் முடிப்பதா, சுமையைப் பிரித்து நான்காண்டில் நன்றாக முடிப்பதா என்று கல்வி இயக்குநருடன் பேசித் தீர்மானிப்பது நல்லது. சிலருக்கு நான்காண்டுத் திட்டம் தொடக்கத்திலேயே வருகிறது: 2018 முதல் இயங்கும் உயர்கல்வி அனுமதித் தளமான பார்க்கூர்சுப்பில் 'ஆம், நிபந்தனையுடன்' என்று பதில் பெறுபவர் துணைப் பாடங்களை ஏற்க வேண்டும், சில இடங்களில் முதலாண்டு இரண்டாகப் பிரிக்கப்படும்.

துறை பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதற்கும் நாள் இருக்கிறது. வேறு துறையின் முதலாண்டுக்குப் போக மீண்டும் பார்க்கூர்சுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். விருப்பங்களைப் பதியும் காலம் மார்ச் நடுப்பகுதியோடு மூடுகிறது. ஜூன் மாதப் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்பவர் ஓர் ஆண்டை இழக்க நேரிடலாம். மருத்துவம் விரும்பும் வீடுகள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். 2020இல் வந்த, மருத்துவத்துக்கான நுழைவாண்டான 'பாஸ்' ஆண்டைத் திரும்பப் படிக்க இடமில்லை. ஆனால் அதில் 60 கிரெடிட் தேறியவர், மருத்துவத்தில் இடம் கிடைக்காவிட்டாலும், தாம் எடுத்த துணைத் துறையின் இரண்டாம் ஆண்டுக்குப் போய் அங்கிருந்து இன்னொரு முறை முயலலாம். எனவே துணைத் துறையை ஒப்புக்காக எடுக்கக் கூடாது.

பல்கலைக்கழகச் சுதந்திரம் ஒத்துவராத பிள்ளைக்கு வேறு பாதைகளும் இதே 180இல் முடிகின்றன. பொபினி, வில்தனோஸ், சென்டெனி, மொந்ரேய் ஆகிய இடங்களின் 'யூத்' எனும் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவனங்களில் 2021 முதல் நடக்கும் மூன்றாண்டு 'புத்' பட்டத்தில் வகுப்பு அதிகம், வருகை கட்டாயம். முதலாண்டுப் பாடம் எதுவும் மீதியில்லாமல் இருந்தால்தான் மூன்றாம் ஆண்டு என்ற கண்டிப்பும் உண்டு. இரண்டாண்டு 'பெ.தெ.எஸ்.' 120 கிரெடிட் தரும். அதன்மேல் ஓராண்டுத் தொழில்சார் லிசான்ஸ் சேர்த்தால் பட்டம். இவற்றைச் சம்பளத்தோடு வேலையும் படிப்பும் மாறி மாறி வரும் 'அல்தெர்னான்ஸ்' முறையில் படிக்க முடிவது வீட்டு நிலைமைக்கும் உதவும்.

பூர்ஸ் கிடைக்கும் குடும்பத்தில் கிரெடிட் கணக்கு பணக் கணக்கும் ஆகிறது. மாணவர் நலச் சேவையான குரூஸ் தரும் இந்த உதவி ஒருவருக்கு மொத்தம் ஏழு ஆண்டு. இளங்கலைக் கட்டத்தில் ஐந்துக்கு மேல் இல்லை. மூன்றாம் முறை பெற 60 கிரெடிட் சேர்ந்திருக்க வேண்டும். நான்காம், ஐந்தாம் முறைக்கு 120. ஆறாம் முறைக்கு 180. முதலாண்டை இருமுறை படித்தும் 60 சேராவிட்டால் மூன்றாம் ஆண்டில் உதவி நின்றுவிடும். விண்ணப்பம் ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் புதிதாகப் போட வேண்டும். வகுப்புக்கும் பரீட்சைக்கும் போகாதவரிடம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அதிகாரம் உண்டு.

வேலை செய்துகொண்டு படிப்பவரும் பலர். பாரிஸின் லா சப்பலில் சனி, ஞாயிறு கடை வேலை பார்ப்பவர், மாலையில் உணவகத்துக்குப் போகிறவர் ஆகியோருக்காகச் சிறப்புப் படிப்பு முறை உண்டு. சம்பளத்தாளும் ஒப்பந்தமும் காட்டினால் டி.டி. வருகையில் சலுகை, இறுதிப் பரீட்சை மட்டும் எழுதும் உரிமை போன்றவை கிடைக்கலாம். செமஸ்டரின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். கையில் பணம் வாங்கும் பதியாத வேலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவருக்கு ஆண்டுக்கு 964 மணி நேரம், அதாவது வாரத்துக்குச் சராசரியாகப் பதினெட்டரை மணி, வேலை அனுமதி உண்டு. வதிவிட அட்டை புதுப்பிக்கும்போது படிப்பு உண்மையாக முன்னேறுகிறதா என்று பிரிபெக்சர் பார்க்கும். ஆண்டு தவறினால் காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டியிருக்கும்.

கடைசிக் கணக்கு பட்டத்துக்குப் பின் வருவது. மாஸ்டர் முதலாண்டுக்கான விண்ணப்பங்கள் 2023 முதல் 'மோன் மாஸ்டர்' தளத்தில் போகின்றன. பெப்ரவரியிலிருந்து மார்ச் வரை விண்ணப்பிக்கும்போது மூன்றாம் ஆண்டின் இரண்டாம் செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும். தெரிவுக்குழுவின் மேசையில் இருப்பது முதல் ஐந்து செமஸ்டர்களின் மதிப்பெண்கள். ஆறாவது செமஸ்டர் பட்டத்தை முடித்துத் தருகிறது. அடுத்த கதவைத் திறப்பது அதற்கு முந்திய ஐந்தும்.