மாறாததால் சாகவில்லை

பத்திரிகைகளின் வீழ்ச்சியைப் பற்றி எங்கே கருத்தரங்கு நடந்தாலும் ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிடுவார். இணையம் வந்ததை ஆசிரியர்கள் கண்டுகொள்ளவில்லை; வாசகர் கைப்பேசிக்குக் குடிபோன பிறகும் நாளைய முதல் பக்கத்தில் எந்தப் படம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்; அதனால் வந்த வினை இது. கைதட்டல் விழும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களும் சேர்ந்து தட்டுவார்கள் என்பதுதான் கொடுமை. ஒரே குற்றச்சாட்டைக் கேட்டுக் கேட்டு அவர்களே அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

நான் நம்பவில்லை. ஆசிரியர்கள்மீது எனக்கும் புகார் உண்டு. ஆனால் அது இதற்கு நேர் எதிரான புகார். வந்தவர் போனவரெல்லாம் 'மாறு' என்றபோது, எதற்கு என்று கேட்காமல் மாறினார்கள்.

இணையம் இவர்களைத் தூக்கத்தில் பிடித்தது என்பதே முதலில் தவறு. அமெரிக்காவின் நைட் ரிடர் பத்திரிகைக் குழுமம் 1983இல் வியூட்ரான் என்ற சேவையை ஃப்ளோரிடாவில் தொடங்கியது. வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி, வங்கிக் கணக்கு, கடை சாமான் எல்லாம் வரும். ஏறக்குறைய 5 கோடி டாலரை விழுங்கிவிட்டு 1986இல் மூடப்பட்டது. அதே குழுமத்தில் ரோஜர் ஃபிட்லர் என்பவர் கையடக்கப் பலகையில் செய்தித்தாள் படிப்பது எப்படி இருக்கும் என்று 1994இல் ஒரு படமே எடுத்துக் காட்டினார். ஐபேட் வந்தது 2010இல். இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 'தி இந்து' இணையத்துக்கு வந்ததும் அதே 1995. பழமைவாதத்துக்குப் பேர்போன அண்ணா சாலைப் பத்திரிகை, படிக்க ஆள் சேர்வதற்கு முன்பே கடையைத் திறந்துவிட்டது.

தமிழ் இதழ்களும் சும்மா இருக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு அந்த அவஸ்தை நினைவிருக்கும். ஒவ்வொரு இதழுக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரநிலைகளை வகுத்துத் தந்தும் குழப்பம் தீரவில்லை. யுனிகோடு பரவலாகும்வரை ஒரு தமிழ்ச் செய்தியைத் தேடுபொறியில் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். இது ஆசிரியரின் பிடிவாதமா, எழுத்துருவின் கோளாறா?

சரி, பணம் எங்கே போனது? எந்த ஆசிரியரும் கை வைக்காத பக்கத்திலிருந்து போனது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாளிதழ்களின் அச்சு விளம்பர வருமானம் 4,800 கோடி டாலருக்கும் மேல். அதில் ஏறத்தாழ 2,000 கோடி வரி விளம்பரம்: வேலை காலி, வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு. 2012இல் அந்த 2,000 கோடி, 500 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல், கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆகி, பத்திரிகைகள் வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய விளம்பரத்தை ஏறக்குறைய இலவசமாக்கிவிட்டது. நம் ஊரிலும் இதே கதை. வேலைக்கு 1997இல் நௌக்ரி வந்தது. 2000இல் பாரத் மேட்ரிமோனி வந்தது. கோத்திரமும் நட்சத்திரமும் 'நல்ல சம்பளத்தில்' என்ற சொல்லும் நெருக்கியடித்துக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் அங்கே குடியேறின.

தலையங்கத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஒரு வரன் விளம்பரம் திரும்பி வராது. எவ்வளவு மோசமாக எழுதினாலும் போயிருக்காது. 'பத்திரிகைகளே அந்த வியாபாரத்தை இணையத்தில் செய்திருக்கலாமே' என்பார்கள். செய்தவர்கள் உண்டு. நார்வேயின் ஷிப்ஸ்டெட் நிறுவனம் 2000இல் ஃபின் தளத்தின் வழியாக வரி விளம்பரத்தைத் தானே கைப்பற்றிப் பிழைத்துக்கொண்டது. அது முதலாளி எடுத்த முடிவு. எடுக்கத் தவறியவர்களும் முதலாளிகள்தான். பழியை மட்டும் ஆசிரியர் அறையில் கொண்டுவந்து இறக்கிவைத்தால் எப்படி?

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் 'டைம்ஸ் பிக்கயூன்' பட்ட பாட்டைச் சொன்னால் யார் மாறினார்கள், யார் எதைக் கெடுத்தார்கள் என்பது தெளிவாகும். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அந்த நகரத்தை மூழ்கடித்தது. மறுநாள் காலை அலுவலகத்தைச் சுற்றித் தண்ணீர் ஏற, பத்திரிகைக் கட்டு ஏற்றும் லாரிகளிலேயே ஊழியர்கள் வெளியேறினார்கள். ஒரு சிறு குழு மட்டும் ஊரிலேயே தங்கிச் செய்தி சேகரித்தது. அச்சடிக்க வழியில்லை. மூன்று நாள் இதழ்கள் இணையத்தில் மட்டும் வெளியாயின. மொட்டை மாடியில் சிக்கியவர்களின் முகவரிகள் பத்திரிகையின் இணையதளத்தில் வந்து விழுந்தன. மீட்புக் குழுக்கள் அதைப் பார்த்துப் படகு எடுத்துப் போயின. ஆசிரியர் ஜிம் ஏமஸ் தலைமையில் அந்தப் பத்திரிகை 2006இல் இரண்டு புலிட்சர் பரிசுகளைப் பெற்றது. கவனியுங்கள், இது 2005. ஐபோன் இன்னும் வரவில்லை. எந்த ஆலோசகரும் 'டிஜிட்டல் ஃபர்ஸ்ட்' என்று சிலைடு போட்டுக் காட்டவில்லை. செய்தி இருந்தது, அதைக் கொண்டுபோக ஒரு வழி திறந்திருந்தது, அந்த வழியில் போனார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2012 மே மாதம், உரிமையாளரான நியூஹவுஸ் குடும்பத்தின் அட்வான்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பத்திரிகை இனி வாரத்தில் மூன்று நாள் மட்டும் அச்சாகும், மற்றதெல்லாம் இணையத்தில். காரணம், எதிர்காலத்துக்கு மாற வேண்டும். சுமார் 200 பேருக்கு வேலை போயிற்று. வீட்டில் இணைய இணைப்பே இல்லாத ஏழைகள் கணிசமாக வாழும் நகரம் அது. 1837இலிருந்து பேப்பர் பார்த்துப் பழகிய ஊர். மக்கள் தெருவில் கூடிப் போராடினார்கள். ஒரு செய்தித்தாளுக்காக மக்கள் போராடியது இந்த நூற்றாண்டில் வேறெங்கே நடந்ததென்று எனக்கு நினைவில்லை. சில மாதங்களில் பக்கத்து ஊரான பேட்டன் ரூஜிலிருந்து 'தி அட்வகேட்' நாளிதழ் நியூ ஆர்லியன்ஸ் பதிப்பைத் தொடங்கியது. தினமும், அச்சில். வெளியேற்றப்பட்ட, வெறுத்துப்போய் வெளியேறிய நிருபர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மிரண்டுபோன அட்வான்ஸ் நிறுவனம் 2013இல், அச்சில்லாத நாட்களுக்கென்று ஒரு சிறு அளவு இதழை அச்சடித்துக் கடைகளில் விற்றது. எதிர்காலம் ஓராண்டுகூடத் தாங்கவில்லை.

முடிவு 2019இல் வந்தது. ஏப்ரலில் அட்வகேட்டுக்கு உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சர் பரிசு. நடுவர் குழுவில் எல்லோரும் ஒத்துக்கொள்ளாமலே ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் லூசியானா மாநிலச் சட்டத்தை அவர்கள் வழக்கு வழக்காகத் தோண்டி எழுதியிருந்தார்கள்; அந்தச் சட்டத்தையே மக்கள் முந்தைய ஆண்டு வாக்களித்து மாற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் அட்வகேட்டின் உரிமையாளர் டைம்ஸ் பிக்கயூனையும் அதன் இணையதளத்தையும் விலைக்கு வாங்கினார். 'மாறிய' பத்திரிகையின் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் வேலைநீக்க அறிவிப்புப் போயிற்று.

இதை ஒரு நகரத்தின் விதிவிலக்கு என்று தள்ளுவதற்குள் ஃபேஸ்புக்கின் கணக்கையும் பார்த்துவிடலாம். 2015ஐ ஒட்டி, இனி யாரும் படிக்க மாட்டார்கள், எல்லாம் வீடியோதான் என்று ஒரு வேதம் பிறந்தது. எழுதத் தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கேமரா வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒன்றை ஒப்புக்கொண்டது: வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு ஆண்டுகளாக 60 முதல் 80 சதவீதம்வரை கூட்டிக் காட்டியிருந்தார்களாம். மூன்று விநாடிக்குள் ஓடிப்போனவர்களைச் சராசரியில் சேர்க்கவே இல்லை. விளம்பரதாரர்களுக்கு 2019இல் 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வேலை இழந்த நிருபர்களுக்கு யார் கொடுத்தார்கள்? இத்தனைக்கும் அந்த ஒப்புதலுக்குப் பிறகும், 2017இல், 'மிக்' என்ற செய்தித்தளம் ஆட்களைக் குறைத்து வீடியோவுக்குத் தாவியது. 2018 நவம்பரில் மிச்சமிருந்த பெரும்பாலோரையும் அனுப்பிவிட்டு விற்கப்பட்டது.

இந்த மூடநம்பிக்கையின் புனித நூல் என்று 2014இல் 'நியூயார்க் டைம்ஸ்' தயாரித்த உள் அறிக்கையைச் சொல்லலாம். நம் பத்திரிகையாளர்கள் நல்ல செய்தி எழுதுகிறார்கள், அதை இணைய வாசகரிடம் கொண்டுசேர்க்கத் தெரியவில்லை, பஸ்ஃபீடும் ஹஃபிங்டன் போஸ்டும் நம்மைத் தாண்டிப் போகின்றன என்று அது புலம்பியது. அறிக்கை கசிந்தது, அதுவும் பஸ்ஃபீடிலேயே. உலகம் முழுக்க ஆசிரியர்களை மண்டியிட வைக்க அது பயன்பட்டது. பஸ்ஃபீட் நியூஸ் 2023இல் மூடப்பட்டது. சீனாவின் ஜின்ஜியாங் தடுப்பு முகாம்களை அம்பலப்படுத்தி 2021இல் புலிட்சர் வாங்கிய நல்ல செய்தி அறை அது, அதற்காக வருந்துகிறேன். தாண்டப்பட்டதாகச் சொல்லப்பட்ட நியூயார்க் டைம்ஸுக்கு அதே ஆண்டில் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். அந்த ஒரு கோடியில் சமையல் குறிப்புக்கும் வேர்டில் விளையாட்டுக்கும் வருபவர்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் செய்தியைத் தேய்த்து மலிவாக்கி யாரும் அங்கே போய்ச் சேரவில்லை. தளத்துக்குப் பூட்டே போடாமல் 2016 முதல் வாசகரிடம் நன்கொடை கேட்ட 'கார்டியன்', இரண்டு பத்தாண்டு நஷ்டத்துக்குப் பிறகு 2018-19 கணக்கில் சிறு லாபம் பார்த்தது. வாசகர் காசு கொடுத்தது தேர்ந்து, சரிபார்த்து, வெட்டி எழுதப்பட்ட செய்திக்கு. அதாவது ஆசிரியர் வேலைக்கு.

இதைச் சொன்னால், மக்களுக்குப் பிடித்ததைக் கொடுப்பதை இளக்காரம் பேசும் மேட்டிமை என்பார்கள். 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் டீக்கடையில் எழுத்துக்கூட்டிப் படிப்பவரை மனத்தில் வைத்துத்தான் பத்திரிகை நடத்தினார். பெட்டிக்கடையில் தொங்கும் போஸ்டரும் ஒருவகையில் தூண்டில்தான். அந்த வாசகர் யார், அவருக்கு எந்த நடை புரியும் என்று முடிவு செய்தவர் ஓர் ஆசிரியர். போஸ்டர் ஏமாற்றினால் மறுநாள் அதே ஆள் அதே கடையில் திட்டுவார். இன்றைக்கு 'இந்த நடிகைக்கு இப்படி ஒரு நிலையா?' என்ற தலைப்பைத் தட்டி ஏமாந்தவர் யாரைத் திட்டுவது? அவர் ஏமாந்ததும் ஒரு கிளிக்காகக் கணக்கில் ஏறிவிடுகிறது. மறுநாள் காலை மீட்டிங்கில் 'நேற்று இது நன்றாக ஓடியது' என்று வாசிக்கப்படுகிறது.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், குறைதீர்க்கும் நாளன்று, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு ஒரு குடும்பம் தீயில் கருகியது. காட்சி எல்லாக் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பத்திரிகையே தேவைப்படவில்லை. அவர்கள் முன்பே மனு கொடுத்திருந்தார்கள். அந்த மனுக்கள் எந்த மேசையில் கிடந்தன, காவல் நிலையத்தில் யார் அதைத் திருப்பி அனுப்பினார், 2003லேயே வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் அந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்று தேடிப்போகத்தான் பத்திரிகை வேண்டும். அதற்கு ஒரு நிருபருக்கு இரண்டு வாரம் கொடுத்து, 'வேறெதுவும் அனுப்ப வேண்டாம்' என்று சொல்லும் ஆசிரியர் வேண்டும். ஷிஃப்டுக்கு இத்தனை ஸ்டோரி என்று கோட்டா வைத்திருக்கும் டெஸ்க்கில் அப்படிச் சொல்பவருக்குத்தான் 'மாறத் தெரியாதவர்' என்று பெயர்.

பிழை வந்தால் வாசகர் பார்வையிலேயே திருத்துவது, ஒரு பட்ஜெட்டின் எண்களைக் கைப்பேசியில் புரியும்படி காட்டுவது, வாசகர் எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்வது, இவற்றையெல்லாம் ஆசிரியர்கள் கற்றாக வேண்டும். பலர் கற்கவில்லை, அந்தச் சோம்பலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எந்த ஆலோசகரும் அதைக் கேட்பதில்லையே. ஆசிரியர் மாறவில்லை என்ற கதை, வரி விளம்பரத்தைக் கோட்டைவிட்ட முதலாளிக்கு வசதி. ஆட்குறைப்புக்கு 'உருமாற்றம்' என்று பெயர் வைக்கும் நிர்வாகத்துக்கு வசதி. மற்றவர் செய்தியைக் காட்டி விளம்பரம் விற்கும் ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் ரொம்ப வசதி.

2024 மே மாதம் கூகுள் தேடலில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் மேலே வந்து உட்கார்ந்தது. தேடுபொறிக்கு ஏற்றபடி தலைப்பை முறுக்கி, 'தேர்வு முடிவு எப்போது?' என்று கேள்வியே செய்தியாக எழுதக் கற்றுக்கொண்ட தளங்களுக்குத்தான் பெரிய அடி. பதில் கூகுள் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் உள்ளே யார் வருவார்? அதே ஆலோசகர்கள் இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு மாறச் சொல்லிப் புதிய சிலைடுகளோடு வருகிறார்கள். ஆசிரியர்கள் அந்த அறைக்குள் உட்காருவதற்கு முன், வீடியோ வேதத்தை ஓதிய 2015ஆம் ஆண்டுச் சிலைடுகளைக் கொண்டுவந்து முதலில் அதற்குக் கணக்குக் காட்டச் சொல்லட்டும்.